பூவந்திக்குளத்தில் பந்து மேலே இருந்த பதின்மூன்று நாட்கள்

மே மாதம் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சேகால் மணிக்கு வடக்குத்தெரு பேச்சிக்கனி அடித்த பந்து மேலே போனது, ஒரு பனை உயரம் போனது, பனைக்கு மேல் பனை வைத்த உயரம் போனது, கொக்குகள் கூட்டுக்குத் திரும்புகிற உயரத்தையும் தாண்டிப் போனது, போய் அங்கே ஒரு சிவப்புப் பொட்டாக நின்றுகொண்டது. கீழே வரவில்லை. வராத பந்தை யார் என்ன செய்ய முடியும்? பூவந்திக்குளம் ஊர் முழுக்க அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்தது, கழுத்து வலித்தது, அப்புறம் டீ குடிக்கப் போய்விட்டது.

கிறிஸ்டோபல் மட்டும் போகவில்லை. அவள் குளத்துக் கரையில் மடைச்சுவருக்குப் பக்கத்தில் மடக்கு ஸ்டூலைப் போட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டைக்காரி, நாற்பத்துநாலு வயது. ஒரு காலத்தில் நல்ல விக்கெட் கீப்பர், அதற்குச் சாட்சியாக வலது கையில் ரெண்டு விரல் கோணலாகவே நின்றுவிட்டன. இப்போது சென்னையில் ஒரு பெண்கள் டீமுக்கு ஆள் பார்த்துச் சொல்கிற வேலை. தெற்கே எந்த ஊரில் பெண்பிள்ளைகள் மட்டையைத் தூக்கினாலும் பஸ் ஏறிப் போய், பார்த்து, இவளை எடுக்கலாம், இவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்ன ஆள் தேறினால் டீமுக்குப் பேர், தேறாவிட்டால் இவளுக்குத் திட்டு. கடைசியாக அவள் சொன்ன மூன்று பேரில் ஒருத்தி ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பந்தே தெரியவில்லை என்றாள், ஒருத்தி அம்மா ஞாபகம் வந்து ஊருக்கு ஓடிப்போனாள், மூன்றாவது பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள், கிறிஸ்டோபலுக்கே அதைப் பேசப் பிடிக்காது.

அதனால் மேனேஜர் வரதன் கறாராகச் சொல்லியிருந்தார். டீமில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. ஜூன் ஒண்ணாம் தேதி அஞ்சு மணிக்குள் ஒரே ஒரு பெயர். அதுவும் சொதப்பினால், ஆபீஸ் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போகலாம்.

பூவந்திக்குளம் ஆலங்குளத்துக்கு மேற்கே, பீடி சுற்றுகிற ஊர். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், வாசலுக்கு நாலு பெண்கள், இதுதான் அந்த ஊர். மே மாதம் பெரியகுளம் வற்றித் தரை பாளம் பாளமாக வெடித்ததும் பெண்கள் சுளகை இறக்கி வைத்துவிட்டுக் குளத்துக்குள் இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். எப்போது ஆரம்பித்தது, யார் ஆரம்பித்தது என்றெல்லாம் யாருக்கும் தெரியாது, தெரிந்து என்ன ஆகப்போகிறது? வடக்குத்தெருவுக்கும் தெற்குத்தெருவுக்கும் பைனல். சென்னையிலிருந்து ஆள் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்து முதல்முறையாக லெதர் பந்து வாங்கியிருந்தார்கள். முதலில் பேட்டிங் வடக்குத்தெரு. நூற்றுப் பத்தொன்பது பந்தில் தொண்ணூற்றாறு ரன். இன்னும் ஒரே பந்து பாக்கி. அந்த ஒரு பந்தைத்தான் பேச்சிக்கனி அப்படி அடித்தாள்.

அம்பயர் தங்கபாண்டி கிளைத் தபாலாபீஸ் போஸ்ட்மாஸ்டர். சட்டப் புத்தகத்தைத் தபால் பையிலேயே வைத்திருப்பவர். எல்லோரும் டீ குடித்துவிட்டு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பந்து இன்னும் உசிரோட இருக்கு. அதனால ஆட்டம் நடக்கு. வடக்குத்தெரு ஓடலாம், ஓடுத ரன் பூராவும் அவ்வோளுக்குத்தான். ஆனா பந்து விழும்போது தெக்குத்தெரு புடிச்சிட்டுன்னா பேச்சிக்கனி அவுட்டு, இந்தப் பந்துல ஓடுன அத்தனையும் அழிஞ்சிரும்."

"எங்களுக்கு எப்பய்யா பேட்டிங்?" என்று கேட்டாள் தெற்குத்தெரு கேப்டன் கோமு.

"பந்து வரட்டும்" என்றார் தங்கபாண்டி.

பேச்சிக்கனி ஓடினாள். எதிர்முனையில் நின்ற சந்திராவும் ஓடினாள். ரன் அவுட் ஆக்க யார் கையிலும் பந்து இல்லை என்பது பத்து ரன் தாண்டிய பிறகுதான் சந்திராவுக்கு உறைத்தது, உடனே அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் சந்திராவுக்குக் கால் சுளுக்கு என்று கம்பவுண்டர் எழுதிக் கொடுத்தார், அவளுக்குப் பதில் ஓட ஒருத்தி வந்தாள், அவளுக்கும் மத்தியானம் சுளுக்கியது, இன்னொருத்தி வந்தாள். இப்படி வடக்குத்தெருவில் கால் இருக்கிற பெண்கள் எல்லோரும் முறை வைத்து நடந்தார்கள், வெற்றிலை போட்டுக்கொண்டு நடந்தார்கள், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நடந்தார்கள், மருமகளைக் குறை சொல்லிக்கொண்டே இருபத்திரண்டு கஜத்தில் போய்ப் போய் வந்தார்கள். பேச்சிக்கனி மட்டும் ஒரு ரன்கூட நடக்கவில்லை. காலையில் நூற்றைம்பது, சாயங்காலம் தொண்ணூறு, அவ்வளவும் ஓட்டம். கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற அக்கா பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

பந்து அப்படியே நின்றுவிடவும் இல்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கம்பு நட்டு நிழல் அளந்து, அது ஒரு நாளைக்கு ஒரு பனை உயரம் இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஊருக்கு நிம்மதி. வரப்போகிற விருந்தாளிக்கு எந்த நாள் வருவார் என்று தெரிந்துவிட்டால் மற்ற வேலையைப் பார்க்கலாம் இல்லையா? மருந்துக்கடையில் கழுத்துவலித் தைலம் தீர்ந்து, மறு லோடு வந்தது. தென்காசி பஸ் டிரைவர் கரை ரோட்டில் வரும்போது வண்டியை நிதானப்படுத்தி ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பருந்து வந்து பந்தை ரெண்டு சுற்றுச் சுற்றி, தின்னத் தோதில்லை என்று தெரிந்து போய்விட்டது. கீழத்தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் பந்து விழுந்த மறு புதன் என்று நாள் குறித்து, பத்திரிகையிலும் அப்படியே அச்சடித்தார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. பந்தில் பட்டுவிடக் கூடாது என்று அந்த வருஷம் வாணம் எல்லாம் கிழக்கே பார்த்து விட்டார்கள், சப்பரம் வழக்கமான தெருவெல்லாம் சுற்றிவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாகக் குளத்துக்குள் இறங்கி, சுடலைவடிவு நின்ற இடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

சுடலைவடிவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், அன்றைக்கு வரை அவளைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வயது, தெற்குத்தெரு டீமில் பதினோராவது ஆள். பத்துப் பேர்தான் இருக்கிறார்கள் என்று கடைசி நிமிஷத்தில் சுளகோடு கூட்டி வந்த ஆள். பந்தே போகாது என்று மடைக்கு முன்னால் பவுண்டரியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பந்து அவள் தலைக்கு நேர் மேலே போய் நின்றது.

முதல் நாளே கோமு வந்து கெஞ்சினாள். "ஏட்டி வடிவு, காலு சுளுக்கிட்டுன்னு சொல்லு. கம்பவுண்டர் எழுதித் தருவாரு. ஒனக்குப் பதிலா நல்லா கேட்ச் புடிக்கவள ஒருத்திய நிப்பாட்டுதேன். நீ விட்டேன்னா நம்ம ஜென்மத்துக்கும் அந்த ரன்ன அடிக்க முடியாது."

"எனக்குக் காலு நல்லாத்தான இருக்கு" என்றாள் வடிவு. "என் மேல வந்த பந்து. நானே நிக்கேன்."

அவளுக்குச் சோறு குளத்துக்கு வந்தது, பாய் வந்தது, சுளகு வந்தது. பீடிக் கம்பெனி ஏஜென்டும் குளத்துக்கே வந்து கட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். வேலையைக் குளத்துக்குள் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்றார் தங்கபாண்டி.

இனி கிறிஸ்டோபல் ஏன் எழுந்து போகவில்லை என்று சொல்ல வேண்டும். அவளை இந்த வேலைக்கு ஆளாக்கியவர்கள் ரெண்டு பேர். ஒருவர் ராமபத்ரன், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். விரல் ஒடிந்து ஆட்டம் போச்சே என்று அழுதுகொண்டிருந்த கிறிஸ்டோபலிடம் ஒரு மடக்கு ஸ்டூலைக் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, நாலு வருஷம் ஊர் ஊராகக் கூட்டிப்போனவர். கடைசிப் பந்து தரையைத் தொடும்வரை ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். இன்னொருத்தி நூர்ஜகான். கிறிஸ்டோபலைவிட ஏழு வயது சின்னவள், வாணியம்பாடிக்காரி, இப்போது போட்டி டீமுக்கு ஆள் பார்க்கிறவள். எல்லோரும் எண்ணுவதை எண்ணாதே, யாரும் எண்ணாததை எண்ணு என்று சொல்லி, கிறிஸ்டோபலுக்கு நோட்டில் கோடு போடக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். வயதில் சின்னவளிடம் பாடம் கேட்பதில் கிறிஸ்டோபலுக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. ஆனால் இந்த ரெண்டு பேரும் ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பதில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் சொல்ல வேண்டியதை மற்றவரிடம் சொல்வது கிறிஸ்டோபலின் வேலையாகிவிட்டது.

நூர்ஜகான் கற்றுக்கொடுத்த கோடுகளைப் பார்த்தபோதுதான் கிறிஸ்டோபல் நோட்டில் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. நூற்றிருபது பந்தில் வடிவு பக்கம் கடைசிப் பந்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. இருந்தும் ஒவ்வொரு பந்துக்கும், தன் பக்கம்தான் வரப்போகிறது என்கிற மாதிரி, வடிவு ரெண்டு அடி உள்ளே வந்திருக்கிறாள், நூற்றிருபது முறை. கோமுகூட அதைப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் கிறிஸ்டோபல் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குள் இறங்கி, அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வடிவு அண்ணாந்து பந்தைப் பார்த்தபடியே பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஈரச்சாக்குக்குள் கை போகும், ஒரு இலை வரும், விரல் நுனியில் ஒரு தடவு, சரியாக இருந்தால் தூள் விழும், உருளும், நூல் சுற்றும், முடியும். சில இலையைத் தடவியதுமே திருப்பிப் போட்டுவிடுவாள்.

"அது ஏன் வேண்டாம்?"

"காஞ்சிட்டுக்கா. ஒரு ஓரந்தான், ஆனா காஞ்சிட்டு. சுத்துனா ஒடையும்."

"பார்க்காம எப்படித் தெரியுது?"

"வெரலுக்குத் தெரியும்லா" என்றாள் வடிவு, அதைப் போய் ஒருத்தி கேட்பாளா என்கிற மாதிரி.

"பயமா இருக்கா?"

"இருக்கு. ராத்திரி கண்ண மூடுனா பந்து கைய விட்டுப் போற மாதிரியே வருது." ரெண்டு பீடி சுற்றினாள். "ஆனா எனக்கு வெளையாடணும்க்கா. நல்லா வெளையாடணும். கையும் காலும் கெடந்து துடிக்கி. ஆறு வயசுல இருந்து இந்தச் சுளகு முன்னாலதான் இருக்கேன். நீங்க பேச்சிக்கனிய பாக்கத்தான் வந்திருக்கீய, எனக்குத் தெரியும். இந்தப் பந்த புடிச்சிட்டேன்னா என்னையும் ஒரு தடவ பாப்பீயல்லா?"

கிறிஸ்டோபலுக்குப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, ஆள் பார்க்கிறவள் அப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்பதால் சொல்லவில்லை.

ஆறாம் நாள் மேற்கே கணவாய் வழியாகக் காற்றுப் பிடித்தது. குற்றாலத்தில் சாரல் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். காற்றில் பந்து கொஞ்சம் கொஞ்சமாக மடைப்பக்கம் நகர்ந்தது. விடிந்ததும் கிறிஸ்டோபல் கண்விழித்துப் பார்த்தால், வடிவின் பாய் ஒரு இடத்தில் கிடக்கிறது, வடிவு பதினோரு அடி தள்ளி வெறும் மண்ணில் நல்ல தூக்கத்தில் இருக்கிறாள், பந்து அவள் நெற்றிக்கு நேர் மேலே இருக்கிறது. கிறிஸ்டோபல் அடியை ரெண்டு முறை அளந்து நோட்டில் எழுதினாள்.

ஒன்பதாம் நாள், எப்படியோ செய்தி கேட்டு, ராமபத்ரனும் நூர்ஜகானும் வந்து சேர்ந்தார்கள். தென்காசி ஸ்டேஷனில் ஒரே ஷேர் ஆட்டோதான் இருந்தது, அதில் முழங்கால் முட்ட உட்கார்ந்து இருபது கிலோமீட்டர் ஒரு வார்த்தை பேசாமல் வந்திருக்கிறார்கள். இறங்கியதும் ரெண்டு பேரும் கிறிஸ்டோபலிடம்தான் பேசினார்கள்.

"பந்து விழட்டும் கிறிஸ்டோ" என்றார் ராமபத்ரன், கரையில் தன் ஸ்டூலை விரித்துக்கொண்டே. "விழுந்த பிறகுதான் எதுவும். அவசரப்படாதே. இதை அந்தம்மாவுக்கும் சொல்லு."

"அவருக்குச் சொல்லுங்கக்கா" என்றாள் நூர்ஜகான், "ரெண்டாயிரம் ரன்னுக்கு மேல ஓடியும் அந்தப் பேச்சிக்கனிக்கு மூச்சு வாங்கலை. இந்தியாவிலேயே இப்படி ஒரு காலு கிடையாது. நீங்க அவளை எடுக்கலைன்னா நான் எடுத்துக்கறேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"அஞ்சு மணிக் கெடு பந்துக்குத் தெரியுமான்னு கேளு" என்றார் ராமபத்ரன்.

"மேல போன பந்தை நம்பி யாராவது ஆள் எடுப்பாங்களான்னு கேளுங்க" என்றாள் நூர்ஜகான்.

கிறிஸ்டோபல் ரெண்டு பக்கமும் மாறி மாறித் தலையாட்டினாள். ரெண்டு பேர் மேலும் அவளுக்கு உயிர். ரெண்டு பேரும் இந்த விஷயத்தில் தப்புச் சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளுக்குத் தோன்றியது, தோன்றியதும் குற்றம் செய்த மாதிரி இருந்தது.

அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஜூனில் வாய்க்கால் திறப்பது வழக்கம், இந்த வருஷம் மேலே நல்ல மழை, மே முப்பத்தொன்றாம் தேதியே திறந்துவிட்டார்கள். நாற்று பாவ வேண்டியவர்கள் ஒரு பக்கம், ஆட்டம் முடிய வேண்டியவர்கள் ஒரு பக்கம், ஊர்க்கூட்டம் போட்டுப் பேசினார்கள். தண்ணீரை நிறுத்தவும் முடியாது, பந்தை அவசரப்படுத்தவும் முடியாது, ரெண்டும் அது அது பாட்டுக்கு வரட்டும் என்று முடிவானது. தங்கபாண்டி அந்தக் கூட்டத்திலேயே இன்னொரு தீர்ப்பையும் சொல்லி வைத்தார். தண்ணீரும் தரைதான். பந்து தண்ணீரைத் தொட்டுவிட்டு அப்புறம் கைக்கு வந்தால் அது கேட்ச் இல்லை. பீல்டர் மண்ணில் கால் ஊன்றித்தான் நிற்க வேண்டும், கல்லோ கட்டிலோ போடக் கூடாது.

பிட்ச் மேட்டுப்பக்கம் இருந்ததால் வடக்குத்தெருவுக்கு நடக்க இடம் மிச்சம் இருந்தது. மடைப்பக்கம் பள்ளம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வடிவுக்கு முழங்கால் அளவு, மூன்று மணிக்கு இடுப்பளவு. சுளகைக் கரைக்குக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. அது தெரிந்தும் ஒரு அடி பின்னால் வரவில்லை.

நாலேமுக்காலுக்குப் பந்து இன்னும் ஒரு பனை உயரத்தில் இருந்தது. ஊரில் மடைச்சுவர்மேல் ஏறி நின்றால்தான் செல்போனுக்குச் சிக்னல். கிறிஸ்டோபல் ஏறி நின்றாள். பத்தடியில் கீழே தண்ணீருக்குள் வடிவு நிற்கிறாள், கரையில் ரெண்டு ஸ்டூலில் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தேறாமல் போன தன் மூன்று பேரையும் கிறிஸ்டோபல் ஒரு முறை நினைத்துப் பார்த்தாள். மூன்று பேரையும் அவள் சொன்னது அவர்கள் கோப்பையைக் கையில் வாங்கிய பிறகு, பேப்பரில் படம் வந்த பிறகு. எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொல்வதற்கு ஒரு ஆள் எதற்கு, அதைத்தான் டிவியே சொல்லிவிடுகிறதே?

"சுடலைவடிவு" என்றாள் போனில். "சு, ட, லை. தெற்குத்தெரு. பீல்டர்."

"பந்தைப் பிடிச்சிட்டாளா?" என்றார் வரதன்.

"பந்து இன்னும் வரலை சார்."

"பதிஞ்சா மாத்த முடியாதும்மா. நாளைக்கு அவ விட்டுட்டான்னா நீங்க சாவியை வச்சிட வேண்டியதுதான். நான் விளையாட்டுக்குச் சொல்லலை."

"தெரியும் சார். பதிஞ்சிருங்க."

போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். காற்றுச் சத்தத்தில் கேட்காது என்று போனில் ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். வடிவு பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் தாடை இறுகியிருந்தது. சாவி என்றது வரை அவளுக்குக் கேட்டிருக்கும் என்று கிறிஸ்டோபலுக்குத் தெரிந்துவிட்டது. ராமபத்ரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நூர்ஜகான் நோட்டை மூடினாள். ஏழு வருஷத்தில் முதன்முறையாக ரெண்டு பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

சனிக்கிழமை காலை ஏழே கால் மணிக்கு, வடக்குத்தெரு மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டாவது ரன்னை ஓடி முடித்தபோது, பந்துக்கு என்ன தோன்றியதோ, அதுவரை ஒரு நாளைக்கு ஒரு பனை என்று இறங்கிக்கொண்டிருந்தது மற்ற பந்துகளைப் போலச் சடாரென்று விழுந்தது. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. வடிவுக்கு நெஞ்சளவு தண்ணீர். காற்று ஒரு தள்ளுத் தள்ள, பந்து ரெண்டு கை தூரம் விலகி வந்தது. அவள் தண்ணீருக்குள் காலை மாற்றி, உடம்பைச் சாய்த்து, முகம் வரை மூழ்கிப்போய், ரெண்டு கையையும் நீட்டினாள். தண்ணீர் எழும்பித் தெறித்ததில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தெறித்தது அடங்கியபோது கைகள் மட்டும் மேலே இருந்தன, கைக்குள் பந்து இருந்தது.

தங்கபாண்டி விரலைத் தூக்கினார். தெற்குத்தெரு கரையிலிருந்து தண்ணீருக்குள் குதித்தது, கொட்டுக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள், பேச்சிக்கனி மட்டையைக் கீழே போட்டுத் தலையில் கை வைத்தாள். கிறிஸ்டோபல் மடைச்சுவர்மேல் நின்றபடியே 'பிடித்துவிட்டாள்' என்று வரதனுக்குத் தட்டி அனுப்பினாள். கண்ணீர் வந்து எழுத்து மங்கியது.

வடிவு சிரிக்கவில்லை. பந்தின் அடிப்பக்கத்தை விரலால் ஒரு முறை தடவினாள், மறுபடியும் தடவினாள், இலையைத் தடவுகிற அதே தடவல். அப்புறம் கையைத் தூக்கினாள். கொட்டுச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை, அவள் தூக்கிய கையை இறக்காமலே நின்றாள், கடைசியில் கொட்டு நின்றது.

"அய்யா, தண்ணியத் தொட்டுட்டு."

"எனக்கு அப்படித் தெரியலியே" என்றார் தங்கபாண்டி.

"யாருக்கும் தெரியாது. கைக்கு வரும்போதே ஒரு ஓரம் ஈரமா வந்துச்சு. என் வெரலுக்குத் தெரியும்."

"ஏட்டி, ஒன் கையே ஈரந்தானட்டி" என்று கத்தினாள் கோமு.

"கை ஈரம் வேற, பந்து ஈரம் வேற" என்றாள் வடிவு. மடைச்சுவர்ப் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.

நாற்பது வருஷமாகப் பீடி சுற்றுகிற விரல்களை வைத்துத்தான் அந்த ஊர் சோறு தின்கிறது. வடிவு காய்ந்தது என்றால் காய்ந்தது, ஈரம் என்றால் ஈரம், அதில் மறுபேச்சுப் பேசப் பூவந்திக்குளத்தில் ஒரு ஆள் கிடையாது. தங்கபாண்டி தூக்கிய விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார். மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டும் தொண்ணூற்றாறும் சேர்த்து மூவாயிரத்து இருநூற்றுப் பதினாலு என்று போர்டில் எழுதினார்கள். கோமு அதைப் பார்த்துவிட்டுத் தங்கபாண்டி பக்கம் திரும்பினாள்.

"எங்களுக்கு எப்பய்யா பேட்டிங்?"

"குளத்துல தண்ணி வந்துட்டுல்லா. அடுத்த மே."

"அப்பம் சரி. ஒரு வருசம் இருக்கு" என்றாள் கோமு. "எங்கள்ல ஒருத்தி மேல அடிக்க மாட்டாளாக்கும்."

யாரோ சிரித்தார்கள், அது தொற்றிக்கொண்டது, கொட்டுக்காரர்களும் வந்ததற்கு அடித்துவிட்டுப் போவோம் என்று மறுபடி ஆரம்பித்தார்கள். நூர்ஜகான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேச்சிக்கனியை நோக்கி நடந்தாள், பேனாவை அதற்குள் திறந்துவிட்டிருந்தாள். கிறிஸ்டோபல் வரதனுக்குப் போன் போட்டாள். "தப்பாச் சொல்லிட்டேன் சார். பிடிக்கலை" என்றாள். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "சரி சார், சாவியை வச்சிடறேன். அந்தப் பிள்ளைக்கு டிக்கெட் மட்டும் மறந்திராதீங்க. பேரு பதிஞ்சாச்சுல்லா, மாத்த முடியாது."

எல்லோரும் போர்டைச் சுற்றி நிற்க, வடிவு இன்னும் நெஞ்சளவு தண்ணீரில் அப்படியே நின்றாள். பதின்மூன்று நாள் நின்ற கால் நகரமாட்டேன் என்றது, நீச்சலும் தெரியாது. கிறிஸ்டோபல் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் போய், அவள் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வந்தாள். பாதி வழியில் வடிவு கேட்டாள்.

"ஒங்க வேல போயிட்டுல்லாக்கா?"

"போயிட்டு."

"என்னாலதான."

"ஒன்னாலதான்" என்றாள் கிறிஸ்டோபல். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, எதை அடக்குவது என்று தெரியாமல் ரெண்டையும் விட்டுவிட்டாள். "பதினேழு வருசம் ஆள் பாத்திருக்கேன்ட்டி. அடிக்கதப் பாத்திருக்கேன், ஓடுதது, புடிக்கது, எல்லாம் பாத்திருக்கேன். ஒரு ஆளப் பாத்தது இன்னைக்குத்தான்."

வடிவு கரையேறி, பாவாடை நுனியைப் பிழிந்தாள், முகத்தைத் துடைத்தாள், இன்னும் ஒரு முறை துடைத்தாள்.

"ரயிலு எத்தன மணிக்குக்கா?" என்று கேட்டாள்.